ஜோகூர்க் கிடாய்க்கு ஏன் பாலம் திறப்பதில்லை?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். அவர் சரக்கு லாரித் தொழிலில் இருப்பவர். அவருடைய மாமா மகன் மலேசியாவின் ஜோகூரில், குளுவாங் பக்கம், ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அங்கிருந்து 40 கிடாய்களை லாரியில் ஏற்றி, எல்லைப் பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவந்து, தெரிந்த குடும்பங்களுக்குக் குர்பானி செய்து கொடுக்கலாம் என்பது திட்டம். சிலரிடம் முன்பணமும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு நண்பர், "அனுமதி கிடைக்காது" என்று சொல்லியிருக்கிறார்.

கடிதத்தில் கோபம் தெரிகிறது. "ஆடுகள் கண்ணுக்கு முன்னால் வளர்ந்தவை. தடுப்பூசி போட்டாயிற்று. அங்குள்ள டாக்டரிடம் சான்றிதழ் வாங்கித் தருகிறேன். வந்த அன்றே அறுத்துவிடுவோம், இங்கே வளர்க்கப்போவதில்லை. கப்பலில் பல நாள் பயணம் செய்து ஆஸ்திரேலியா ஆடு வரலாம், இரண்டு மணி நேரத்தில் வரும் ஜோகூர் ஆடு வரக்கூடாதா? இது யாரோ சிலர் லாபத்துக்காகச் செய்த ஏற்பாடு இல்லையா?" என்று கேட்கிறார். இறைச்சியாகவாவது காரில் கொண்டுவரலாமா என்பது இரண்டாவது கேள்வி. போகிற போக்கில் இன்னொரு செய்தியையும் எழுதியிருக்கிறார்: போன மாதம் பண்ணையில் சில குட்டிகளுக்கு உதட்டில் புண் வந்து தானாக ஆறிவிட்டதாம், மாமா மகனின் விரலிலும் ஒரு கொப்புளம் இருக்கிறதாம்.

அன்புள்ள வாசகருக்கு, முதலில் பணத்தைப் பற்றி. வாங்கிய முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அல்லது வேறு ஏற்பாட்டுக்கு அது போகட்டும் என்று கொடுத்தவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்த ஆடுகள் உயிரோடு பாலத்தைத் தாண்டி வரப்போவதில்லை. கால்நடை மருத்துவர் என்ற முறையில் அதற்கான காரணத்தைச் சொல்கிறேன். கேட்டபின் கோபம் முழுக்கத் தீராவிட்டாலும், அது போக வேண்டிய இடம் மாறும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வாதம் முழுவதும் ஆட்டைப் பற்றியது: ஆடு நலம், ஆட்டுக்கு ஊசி போட்டாயிற்று, ஆட்டுக்குச் சான்றிதழ் உண்டு. எல்லை கடக்கும் கால்நடை விஷயத்தில் முதலில் கேட்கப்படுவது ஆட்டைப் பற்றிய கேள்வியே அல்ல. அது எந்த ஊரிலிருந்து வருகிறது, அந்த ஊரில் என்ன நோய் நடமாடுகிறது, அங்கே நோய் வந்தால் உடனே தெரியவருமா என்பதுதான் கேள்வி. அதைத் தாண்டிய பிறகுதான் ஆட்டின் வாயைத் திறந்து பார்ப்பார்கள்.

நலமாகத் தெரியும் ஆடு

இங்கே எல்லாரும் அஞ்சுவது கோமாரிக்குத்தான். நீங்கள் "பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய் நோய்தானே, ஒரு வாரத்தில் போய்விடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு. பாலர் பள்ளியை மூட வைக்கும் அந்த நோயின் வைரஸ் வேறு குடும்பப் பிரிவைச் சேர்ந்தது, ஆட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோமாரி மனிதரை அநேகமாகத் தொடுவதே இல்லை. மாடு, எருமை, ஆடு, பன்றி, மான் என்று குளம்பு பிளந்த எல்லாவற்றையும் பிடிக்கும்.

மாட்டுக்கு வந்தால் எச்சில் வழியும், நாக்கில் கொப்புளம் வெடிக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். வெள்ளாட்டிலும் செம்மறியிலும் அப்படி இல்லை. இரண்டு நாள் லேசாக நொண்டும். வாயின் மேல் ஈற்றில் சிறு கொப்புளம் வந்து, நாம் பார்ப்பதற்குள் உடைந்து ஆறியும் இருக்கும். பல ஆடுகளில் இதுகூடத் தெரியாது. கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம். அறிகுறி தெரிவதற்கு முன்பே மூச்சிலும் எச்சிலிலும் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். ஆகவே திங்கட்கிழமை ஒரு டாக்டர் பார்த்து "நலம்" என்று எழுதிக் கொடுப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

தடுப்பூசிக்கும் எல்லை உண்டு. கோமாரி வைரஸில் ஏழு வகைகள். ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. பாதுகாப்பும் ஏறக்குறைய ஆறு மாதம்தான், திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஊசி போட்ட விலங்கு நோயில் விழாமல் இருந்துகொண்டே தொண்டைக்குள் கிருமியைச் சில மாதங்கள் சுமக்கவும் முடியும். ஊசி போடும் வழக்கம் ஒரு பகுதியில் இருக்கிறதென்றால், அங்கே நோய் இன்னும் நடமாடுகிறது, அல்லது வந்துவிடும் என்ற அச்சம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் மாமா மகன் ஊசி போட்டது நல்ல காரியம், தொடரட்டும். ஆனால் அதையே நுழைவுச் சீட்டாகக் காட்ட முடியாது.

"வந்த அன்றே அறுத்துவிடுவோம்"

அறுப்புக்கு வரும் விலங்குக்கும் வளர்ப்புக்கு வரும் விலங்குக்கும் விதிகளில் வித்தியாசம் உண்டு, அது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் அறுப்பதால் ஆபத்து போய்விடும் என்று நீங்கள் நினைப்பது சிங்கப்பூரின் சொந்த அனுபவத்துக்கே முரணானது. உதாரணம் பன்றியைப் பற்றியது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தெளிவான உதாரணம் நம்மிடம் இல்லை.

1998 இறுதியிலிருந்து மலேசியப் பன்றிப் பண்ணைகளில் நிப்பா வைரஸ் பரவிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பன்றிகள் வழக்கம்போலச் சிங்கப்பூர் அறுப்புக்கூடத்துக்கு வந்தன. யாரும் அவற்றை இங்கே வளர்க்கவில்லை. 1999 மார்ச்சில் அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்துபோனார். மலேசியாவில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியப் பன்றிகளுக்குச் சிங்கப்பூர் கதவடைத்தது அப்போதுதான். அறுப்பவரின் கைக்கும் விலங்கின் மூச்சுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அந்தச் சில மணி நேரமே போதுமானதாக இருந்தது.

கோமாரி அறுப்பவரைக் கொல்லாது, சரி. ஆனால் 40 ஆடுகள் வந்த லாரியின் தளத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் லாரிக்காரர், உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பலகை இடுக்கில் புழுக்கை, மூத்திரத்தில் ஊறிய வைக்கோல், டயர் மடிப்பில் சேறு. அந்த லாரி அடுத்த நாள் லிம் சூ காங்கில் தீவனம் இறக்கப் போனால்? அங்கே பால் மாடும் பால் ஆடும் இருக்கின்றன. மண்டாயில் விலங்குத் தோட்டம் இருக்கிறது. நம் காடுகளில் காட்டுப்பன்றிகள் திரிகின்றன. குப்பையில் போட்ட குடலையும் எலும்பையும் கிளற அவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். 2023 பிப்ரவரியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சிங்கப்பூரில் முதன்முதலாகத் தெரியவந்ததே இறந்து கிடந்த ஒரு காட்டுப்பன்றியில்தான். அதே ஆண்டு ஏப்ரலில், இந்தோனீசியாவின் புலாவ் புலானிலிருந்து அறுப்புக்கு வந்த பன்றிகளிலும் அது கண்டுபிடிக்கப்பட்டு வரத்து உடனே நிறுத்தப்பட்டது. சிங்கப்பூரின் மொத்தப் பன்றி இறைச்சியில் ஏறக்குறைய 15 விழுக்காடு அந்த ஒரு தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய வரத்தையே ஒரே நாளில் நிறுத்துபவர்களிடம் 40 கிடாய்க்கு விலக்கு கேட்கிறீர்கள்.

இந்தோனீசியாவின் கோமாரிக் கதையும் உங்களுக்கு நெருக்கமானது. 30 ஆண்டுகளுக்கு மேல் கோமாரி இல்லாமல் இருந்த நாடு. 2022இல் கிழக்கு ஜாவாவில் நோய் தலைகாட்டியபோது ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில வாரங்களே இருந்தன. குர்பானிச் சந்தைக்காக மாடுகளும் ஆடுகளும் தீவு விட்டுத் தீவு நகரும் பருவம் அது. நோயும் கூடவே நகர்ந்தது.

ஆஸ்திரேலியா தொலைவுதான், ஆனால்...

ஆஸ்திரேலியாவில் கடைசியாகக் கோமாரி வந்தது 1872இல். தீபகற்ப மலேசியாவில் அது இன்றும் இருக்கிறது. பண்ணைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தாய்லாந்து எல்லை நீளமானது, கிளந்தான் பக்கம் கடத்தி வரும் கால்நடைகளோடு நோயும் உள்ளே வருகிறது. கடலால் பிரிந்து கிடக்கும் சபாவுக்கும் சரவாக்குக்கும் மட்டும், கோமாரி அற்ற பகுதி என்று உலக விலங்கு நல அமைப்பின் தனி அங்கீகாரம் உண்டு. ஒரே நாடு, ஆனால் இரண்டு நிலை. சிங்கப்பூர், ஊசி போடாமலேயே கோமாரி அற்ற நாடு என்ற பட்டியலில் இருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் தன்னைப் போன்ற நிலையில் உள்ள இடத்திலிருந்துதான் உயிருள்ள ஆட்டை வாங்க முடியும். வரைபடத்தில் ஜோகூர் பக்கம். நோய்க் கணக்கில் பெர்த் பக்கம்.

அந்த உலக விலங்கு நல அமைப்பு உருவான கதையே அறுப்புக்கோ வளர்ப்புக்கோ வழியில் போன மாடுகளால் வந்ததுதான். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் புறப்பட்ட திமில் மாடுகள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கி ஏற்றப்பட்டன. அவை அங்கே தங்கப்போவதே இல்லை. ஆனாலும் மாட்டுக் கொள்ளைநோயை விட்டுவிட்டுப் போயின. அந்த அதிர்ச்சியில் 28 நாடுகள் கூடி 1924இல் பாரிஸில் ஒப்பந்தம் போட்டன.

புதுக்கோட்டை மருமகன் கொடியாடு அனுப்பித் தருவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். கோமாரியோடு ஆட்டுக்கொல்லி நோயும் ஆட்டம்மையும் இந்தியாவில் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன.

லாபம் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு ஒரு வரி: ஆஸ்திரேலிய ஏற்பாடும் யாருக்கும் சாசனம் எழுதிக் கொடுத்தது அல்ல. அவர்கள் விலங்கு நல விதியை இறுக்கியதால் 2012இல் இங்குள்ள பள்ளிவாசல்களில் குர்பானியே நடக்கவில்லை. 2028 மே 1 முதல் கடல் வழியாக உயிருள்ள செம்மறிகளை அனுப்புவதையே நிறுத்த அங்கே சட்டம் இயற்றியாயிற்று.

அந்த உதட்டுப் புண்

கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது இந்தப் பகுதிதான். நீங்களோ அதை இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள்.

குட்டிகளின் வாயோரத்தில், உதட்டின் வெளிப்பக்கம், காலிஃபிளவர் போலத் தடித்துக் கறுத்த பொருக்கு. பால் கொடுக்கும் தாயின் காம்பிலும் அதே பொருக்கு. மூன்று நான்கு வாரத்தில் உதிர்ந்து ஆறுதல். பார்த்துக்கொண்டவரின் விரலில் சிவந்து நடுவில் வெளுத்த கட்டி. இப்படித்தான் இருந்தது என்றால் அது ஆர்ஃப் எனப்படும் வாய்ப்புண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அம்மை வகை வைரஸ் அது, ஆட்டிலிருந்து மனிதருக்கு ஒட்டும். பெரும்பாலும் தானாக ஆறிவிடும். இருந்தாலும் மாமா மகன் கிளினிக்குக்குப் போகட்டும், "ஆடு மேய்க்கிறேன், குட்டிகளுக்கு வாயில் புண் இருந்தது" என்று டாக்டரிடம் சொல்லட்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணச் சீழ்க்கட்டி என்று கீறிவிடுவார்கள். கீறக்கூடாது. குட்டிக்குப் பால் புகட்டும்போது கையுறை போடச் சொல்லுங்கள். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் பல மாதம் உயிரோடு இருக்கும்.

ஆனால் புண் உதட்டுக்கு உள்ளே, ஈற்றில், நாக்கில் இருந்ததா? ஆடுகள் நொண்டினவா? நன்றாக இருந்த குட்டி திடீரென்று விழுந்து செத்ததா? அப்படியானால் கோமாரியை நினைக்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், துர்நாற்றம், கழிச்சல், இருமல் என்றால் ஆட்டுக்கொல்லி. கடிதத்தையோ கைப்பேசிப் படத்தையோ வைத்து இதைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆறிவிட்டதே என்று விடாமல் மாமா மகன் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். தொற்றுநோய்ச் சந்தேகத்தைத் தெரிவிப்பது அங்கே சட்டப்படியான கடமையும்கூட. ஆடுகளையெல்லாம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் பயப்படலாம். வாய்ப்புண் என்று உறுதியானால் அப்படி எதுவும் நடக்காது. மறைத்து வைத்துப் பெருநாள் வாரத்தில் நான்கு ஊருக்கு விற்ற பிறகு தெரியவந்தால்தான் தலைவலி.

இதே வாய்ப்புண்ணால் ஒரு கப்பலே திரும்பியிருக்கிறது. 2003இல் கார்மோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து சுமார் 58,000 செம்மறிகளோடு சவூதிக்குப் போனது. இத்தனை விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்புண் இருக்கக்கூடாது என்ற வரம்பு தாண்டிவிட்டது என்று சவூதி அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். இல்லை என்று ஆஸ்திரேலியா வாதாடியது. வாதாடி என்ன? இறக்கும் துறைமுகத்தில் இருப்பவர் சொல்வதுதான் செல்லும். ஏற்க ஆளில்லாமல் வாரக்கணக்கில் கடலில் நின்று, கடைசியில் எரித்திரியா வாங்கிக்கொண்டது. அதற்குள் 5,000க்கு மேல் செத்துவிட்டன. கையில் ஏற்றுமதிச் சான்றிதழ் இருந்தும் இந்த நிலை. அரசுக்கு அரசு பேசியும் தீராதது, பாலத்து நடுவில் வெயிலில் நிற்கும் ஒரு லாரிக்காரருக்குத் தீருமா?

காரில் இறைச்சி

இதுவும் வேண்டாம். சிங்கப்பூர் உணவு அமைப்பு நாடு வாரியாக, இறைச்சி வகை வாரியாக ஒப்புதல் கொடுக்கிறது. ஒருவர் சொந்த உபயோகத்துக்கு 5 கிலோ வரை கொண்டுவரலாம் என்பது ஒப்புதல் பெற்ற இடத்து இறைச்சிக்குத்தான். பண்ணையில் அறுத்த ஆடு, எவ்வளவு ஹலாலாக அறுத்திருந்தாலும், அந்தக் கணக்கில் வராது. நோய் நோக்கிலும் காரணம் இருக்கிறது: அறுத்தபின் தசை புளிக்கும்போது கோமாரிக் கிருமி செத்துவிடும், எலும்பு மஜ்ஜையிலும் நெறிக்கட்டிகளிலும் சாகாது. நாம் கொண்டுவருவது எலும்போடு கூடிய கறிதானே.

உரிமமில்லாமல் உயிருள்ள விலங்கைக் கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டவிரோத இறைச்சிக்கு 50,000 வெள்ளி வரை, இரண்டாண்டு வரை. லாரித் தொழிலில் இருப்பவருக்கு அபராதத்தைவிட வண்டி முடங்குவது பெரிய அடி. "எல்லாரும் கொண்டுவருகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டியவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இனி என்ன செய்யலாம்

உங்கள் நோக்கம் என்ன என்று பிரித்துப் பாருங்கள். மாமா மகனின் ஆடு விலைபோக வேண்டும் என்பது ஒன்று, குர்பானி நிறைவேற வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆடு எல்லை தாண்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஆட்டை அங்கேயே அறுத்து, இறைச்சியை அங்குள்ள ஏழைகளுக்கும் உறவினருக்கும் பங்கிடுவது எனக்குத் தெரிந்து சுலபமான வழி. மார்க்கப்படி இது கூடுமா, உங்கள் பங்கை நீங்கள் சாப்பிட முடியாமல் போவதால் குறையுண்டா என்பதை உங்கள் பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல. கொவிட் காலத்தில், 2020இல், சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களின் குர்பானியே ஆஸ்திரேலியாவில் நடந்து இறைச்சி இங்கே வந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அறுக்கும் இடம், ஆட்டை அந்த இடத்துக்கு நகர்த்தும் அனுமதி ஆகியவற்றுக்கு ஜோகூர்க் கால்நடைத் துறையை மாமா மகன் முன்கூட்டியே அணுக வேண்டும், பெருநாள் நெருங்கினால் வரிசை நீளும். முன்பணம் கொடுத்த குடும்பங்களிடம் இந்த மாற்றத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்பவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறைச்சி வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்பவர்கள் பள்ளிவாசல் வழியாக, முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஏற்பாட்டில் பதிவு செய்யட்டும். இங்கே வீட்டிலோ, புளோக்கின் கீழ்த்தளத்திலோ, நண்பரின் தொழிற்கூடத்திலோ அறுக்க முடியாது, உரிமம் பெற்ற இடத்தில்தான் முடியும்.

வருங்காலத்தில் முறையாக ஆடு இறக்குமதித் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால், விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவிடம் முதலில் எந்த நாட்டிலிருந்து எதை ஏற்பார்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஆளைச் சேர்ப்பதும் பணம் வாங்குவதும் பதில் வந்த பிறகு.

குர்பானிக்கு ஆடு தேர்வு செய்யும்போது நொண்டும் ஆட்டையும், நோய் வெளியே தெரியும் ஆட்டையும் ஒதுக்க வேண்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த விதியை இந்த முறை கால்நடை மருத்துவர் கண்ணோடும் பாருங்கள்: ஆட்டைப் பத்தடி நடக்க விட்டுப் பாருங்கள், குளம்பின் பிளவைப் பாருங்கள், உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் அந்த ஆட்டை மட்டுமல்ல, அது நின்ற பட்டியையே அன்றைக்கு விட்டுவிட்டு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பண்ணைக்குள் போட்ட ரப்பர் காலணியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். உடுத்திய துணியைத் தனிப் பையில் கட்டி வீட்டில் வெந்நீரில் துவையுங்கள். உங்கள் லாரியைப் பண்ணை வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுபோகாதீர்கள்.